தடுப்பும் சப்-மீட்டரும்

ஒன்றுமே ஓடாத ஒரு கிளஸ்டருக்கு, அதாவது ஒன்றாக இயங்கும் கணினிகளின் கூட்டத்துக்கு, 10.5 ஜிபி நினைவகம் தேவைப்படுகிறது. ரெட் ஹேட் நிறுவனத்தின் 'ஓப்பன்ஷிஃப்ட் லோக்கல்' மென்பொருளை லேப்டாப்பில் நிறுவ உட்காரும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான்: சிபியுவில் 4 கோர், நினைவகத்தில் காலியாக 10.5 ஜிபி, வட்டில் 35 ஜிபி. நாம் எழுதிய நிரல் ஒரு வரிகூட இன்னும் உள்ளே போகவில்லை. 8 ஜிபி லேப்டாப்பை வைத்துக்கொண்டு கடைசி வருட ப்ராஜெக்ட் செய்யும் மாணவிக்கு வாசலிலேயே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அவ்வளவு நினைவகத்தை எது தின்கிறது, அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவைக் குறைக்கலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தை எப்படிப் பங்கு போடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இந்த எல்லையோரத்திலிருந்து நாடெங்கும் போனவற்றை எல்லோரும் அறிவோம்: அசோக் லேலண்ட் லாரி, 1980இல் டிவிஎஸ் 50 மொபெட், பிறகு டைட்டன் கைக்கடிகாரம். இப்போது ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என மின்சார ஸ்கூட்டர்கள். ஒவ்வொரு பெரிய ஆலையையும் நம்பி உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. எந்த மெஷின் எத்தனை பீஸ் முடித்தது, எந்த டூல் தேய்ந்தது, எந்த பேட்ச் ரிஜெக்ட் ஆனது என்பதையெல்லாம் கணக்கு வைக்க மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட மென்பொருளை ஆலையின் சர்வரிலேயே ஏற்றிச் சோதித்துப் பார்க்க முடியாது. லைன் நின்றால் அந்த ஷிப்டே போய்விடும். ஆகவே எழுதுகிறவரின் லேப்டாப்புக்குள்ளேயே ஆலையில் இருக்கும் சர்வர் கூட்டத்தைப் போன்ற ஒன்றை உண்டாக்கி, அதில் ஓட்டிப் பார்க்கிறார்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளால் எழுப்பிய இன்னொரு கணினிக்குள், கிளஸ்டர் வைப்பது இதற்காகத்தான்.

கிளஸ்டரை நடத்தும் மென்பொருள்களில் பரவலானது குபெர்நெட்டிஸ். கூகுள் தன் உள்வேலைக்காகப் பல ஆண்டுகள் ஓட்டிவந்த 'போர்க்' என்ற அமைப்பில் கற்றதை வைத்து 2014 ஜூனில் அதை வெளியிட்டது. ஓப்பன்ஷிஃப்ட் அதன்மேல் கட்டப்பட்டது. குபெர்நெட்டிஸிடம் நாம் கட்டளை இடுவதில்லை. எந்த நிலை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோம். "இந்த நிரலின் 3 பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 512 எம்பிக்கு மேல் நினைவகம் கிடையாது" என்று எழுதினால் போதும். எந்தக் கணினியில் இடம் இருக்கிறது என்று பார்த்து வைப்பதும், ஒன்று செத்தால் வேறொன்றைக் கிளப்புவதும் அதன் பொறுப்பு. அந்தப் பிரதிகள் ஒவ்வொன்றும் ஒரு கன்டெய்னருக்குள் ஓடும்.

கன்டெய்னர் என்றால் என்ன என்பதற்கு ஓசூரிலேயே பொருத்தமான ஒன்று இருக்கிறது. பெரிய ஷெட் ஒன்றை நான்கு பேர் வாடகைக்கு எடுத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு மூலையில் லேத், இன்னொரு மூலையில் பவுடர் கோட்டிங், நடுவே தகரத் தடுப்பு. ஈபி லைன் ஒன்றுதான். ஆளுக்கொரு சப்-மீட்டர், ஆளுக்கொரு எம்சிபி. தடுப்பு பார்வையை மறைக்கும், கரண்டை நிறுத்தாது. சப்-மீட்டர் கரண்டை எண்ணும், எதையும் மறைக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் "இது என் யூனிட்" என்று ஒருவர் சொல்ல முடியும்.

லினக்ஸ் கெர்னலுக்குள் கன்டெய்னர் என்று ஒரே பொருளாக எதுவும் கிடையாது. தடுப்பு ஒரு பக்கம் இருக்கிறது, மீட்டர் இன்னொரு பக்கம். தடுப்புக்குப் பெயர் நேம்ஸ்பேஸ். ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்தக் கோப்புகளைப் பார்க்கலாம், எந்த நெட்வொர்க் அதன் கண்ணில் படும், எந்தெந்த ப்ராசஸ்கள் இருப்பதாக அது நினைக்கும் என்பதை நேம்ஸ்பேஸ்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது 2002இல் வந்தது. பயனர் எண்களுக்கான நேம்ஸ்பேஸ் 2013இல்தான் முழுமை பெற்றது. மீட்டருக்குப் பெயர் சி-குரூப். அதைத் தொடங்கியவர்கள் 2006இல் கூகுளில் வேலை செய்த பால் மெனேஜும் ரோஹித் சேத்தும். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் அது கெர்னலுக்குள் சேர்ந்தது. டாக்கர் என்ற மென்பொருள் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி, சாதாரண நிரலாளர் கைக்குக் கொண்டுவந்தது 2013இல். டாக்கர் கண்டுபிடித்ததுதான் கன்டெய்னர் என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு முன் பதினோரு ஆண்டுகளாகக் கெர்னலுக்குள் நடந்த வேலையை அப்படி மறைத்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

அந்த வேலையின் ஒரு முக்கியப் பகுதி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கூகுள் தந்தது மீட்டர்களை மாட்டும் பலகையைத்தான். அதில் மாட்ட வேண்டிய மீட்டர்களில் முக்கியமான இரண்டு, நினைவகத்துக்கும் சிபியுவுக்குமானவை, பெங்களூரில் இருந்த ஐபிஎம்மின் லினக்ஸ் குழுவினர் கையால் வந்தவை. ஓசூரிலிருந்து சாலையில் 40 கிலோமீட்டர்தான். நினைவகக் கட்டுப்பாட்டை முன்மொழிந்து எழுதியவர் பல்பீர் சிங். 2007இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் அவரும் வைத்தியநாதன் சீனிவாசனும் அதன் சிக்கல்களை விளக்கிக் கட்டுரை அளித்தார்கள். ரஷ்யாவின் பாவெல் எமெல்யானோவ், ஜப்பானின் காமெசாவா ஹிரோயுகி ஆகியோரும் சேர்ந்து உழைத்த பிறகு, 2008 ஏப்ரலில் 2.6.25 பதிப்பில் அது வெளிவந்தது. சிபியு நேரத்தைக் குழு குழுவாகப் பங்கிடும் முறையை எழுதியவர் ஸ்ரீவத்சா வட்டகிரி. கெர்னல் மூலநிரலில் அந்தக் கோப்பின் தலைப்பில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. "இதற்குமேல் ஒரு நொடிகூடக் கிடையாது" என்று சிபியுவுக்கு உச்சவரம்பு போடும் வசதி 2012 ஜனவரியில் 3.2 பதிப்பில் வந்தது. கூகுளின் பால் டர்னரோடு அதில் உழைத்த பரத ராவும் அதே பெங்களூர் குழுவைச் சேர்ந்தவர். காலையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு, தாங்கள் தினமும் பயன்படுத்தும் கருவியின் அடித்தளம் அந்தச் சாலையின் மறுமுனையில் எழுதப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. கல்லூரிப் பாடத்திலேயே இது இருக்க வேண்டும்.

நினைவகத்தை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று பார்ப்போம். கெர்னல் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாக வெட்டி வைத்திருக்கிறது. 16 ஜிபியில் ஏறத்தாழ 42 லட்சம் பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் யார் கணக்கில் இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். ஆரம்ப வடிவத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து சுட்டிகள் தேவைப்பட்டன. சுட்டி ஒன்றுக்கு 8 பைட் வீதம் 40 பைட். 16 ஜிபிக்கு 160 எம்பி, கணக்கெழுதும் நோட்டுக்கே போய்விட்டது. பல ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி, 2015இல் வந்த 3.19 பதிப்பில் ஒரே ஒரு சுட்டியாகக் குறைத்தார்கள்.

அடுத்தது இதைவிடச் சிக்கலானது. இரண்டு கன்டெய்னர்கள் ஒரே நூலகக் கோப்பைப் படிக்கின்றன. கெர்னல் அதை நினைவகத்தில் ஒருமுறைதான் வைக்கும். அந்தப் பக்கங்களை யார் கணக்கில் எழுதுவது? பாதிப் பாதியாகப் பிரிக்கலாம்; ஆனால் மூன்றாவது ஆள் வந்ததும் எல்லோர் கணக்கையும் திருத்த வேண்டும். அது கட்டுப்படியாகாது. முதலில் தொட்டவர் கணக்கில் எழுதிவிடு என்று முடிவு செய்தார்கள். ஷெட்டின் பொது விளக்கை முதலில் போட்டவர் மீட்டரிலேயே அதன் யூனிட் முழுவதும் ஏறுவது போல. நியாயமான பங்கீடு அல்லதான். ஆனாலும் வேகம் குறையாமல் எண்ண இதைவிட நல்ல வழி அப்போது கிடைக்கவில்லை. அதனால்தான் ஒரே நிரலின் இரண்டு பிரதிகள் வெவ்வேறு அளவு நினைவகம் எடுப்பதாகத் திரையில் தெரிகிறது. புதிதாகக் கற்பவர்கள் இதைப் பார்த்து நிரலில் பிழை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சிபியு வரம்பைத் தாண்டினால் கெர்னல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். 100 மில்லிநொடிக்கு 50 என்று எழுதியிருந்தால், 50 முடிந்ததும் மீதி நேரம் காத்திருக்க வேண்டும். நிரல் மெதுவாகும், சாகாது. நினைவகத்தில் அந்தச் சலுகை இல்லை. நேரத்தைத் தள்ளிப்போடலாம், வைத்த பொருளை எப்படித் தள்ளிப்போடுவது? திரும்பப் பெறக்கூடிய பக்கங்களைக் கெர்னல் முதலில் பிடுங்கிப் பார்க்கும். அதற்கும் மேல் கேட்டால் ப்ராசஸைக் கொன்றுவிடும். திரையில் 137 என்ற எண் மட்டும் மிஞ்சும். 128உடன் 9ஐக் கூட்டினால் வருவது அது. 9 என்பது கொல்லும் சிக்னலின் எண்.

தடுப்பும் மீட்டரும் வேறு வேறு என்பதால் வரும் விபரீதத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். சூளகிரிப் பக்கம் ஓர் உதிரிபாக ஆலை; அதன் சிஎன்சி மெஷின்களின் எண்களைச் சேகரிக்கும் நிரல் பழைய ஜாவா 8இல் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னருக்கு 4 ஜிபி வரம்பு. ஜாவா தொடங்கும்போது இந்தக் கணினியில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று கேட்டு, அதில் கால் பங்கைத் தன் உச்சமாக வைத்துக்கொள்ளும். இங்கேதான் சிக்கல். மொத்த நினைவகத்தைச் சொல்லும் கோப்பை எந்த நேம்ஸ்பேஸும் மறைப்பதில்லை. கன்டெய்னருக்குள் உட்கார்ந்து 'ஃப்ரீ' என்று தட்டினாலும் வெளியே இருக்கும் முழுக் கணினியின் கணக்குதான் வரும். லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினின் நினைவகம் 10.5 ஜிபி, கால் பங்கு சுமார் 2.6 ஜிபி. வரம்பு 4. நிரல் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. அதே கன்டெய்னர் ஆலையின் 64 ஜிபி சர்வருக்குப் போகிறது. கால் பங்கு இப்போது 16 ஜிபி. இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று நம்பி ஜாவா குப்பையைக் கூட்டாமலே வளர்கிறது. 4 ஜிபியைத் தொட்டதும் செத்துவிழுகிறது. 137. குபெர்நெட்டிஸ் மறுபடி கிளப்புகிறது. சில மணி நேரத்தில் மறுபடி 137. பெரிய கணினிக்குப் போனதால் செத்த நிரல்! பிழை நிரலில் ஒரு வரியிலும் இல்லை. தன்னைச் சுற்றி இருப்பதைப் பார்த்து அது தன்னுடையது என்று முடிவுசெய்ததுதான் தவறு. சி-குரூப்பின் வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவு 2018 மார்ச்சில் ஜாவா 10இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாவா 8இன் 191ஆம் திருத்தத்திலும் சேர்த்தார்கள். பழைய பதிப்பை மாற்றாமல் வைத்திருக்கும் ஆலைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் இருக்கிறது.

கன்டெய்னரே இவ்வளவு செய்யும்போது விர்ச்சுவல் மெஷின் எதற்கு? முதல் காரணம் எளிது. கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் அல்லது மேக் என்றால் பகிர லினக்ஸ் கெர்னலே இல்லை. விண்டோஸில் ஹைப்பர்-வி, மேக்கில் ஆப்பிளின் சொந்தக் கட்டமைப்பு, லினக்ஸில் கேவிஎம் என்று ஏதோ ஒன்றின் மேல் ஒரு முழு லினக்ஸ் கணினியை எழுப்பியாக வேண்டும். இரண்டாவது காரணம், கிளஸ்டர் தான் இருக்கும் கணினி முழுவதையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் விதிகளை மாற்றி எழுதும், கெர்னல் அமைப்புகளைத் திருத்தும். நாம் தினமும் வேலை செய்யும் லேப்டாப்பில் அதை விட்டால் பிறகு சுத்தம் செய்யவே முடியாது. விர்ச்சுவல் மெஷின் என்றால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி என்ற யோசனைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஐபிஎம் 1972இலேயே தன் பெரிய கணினிகளில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு என்ன தகுதி வேண்டும் என்று 1974இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் நிறுவினார்கள். உள்ளே இருக்கும் இயங்குதளம் கணினியின் உண்மை நிலையைத் தொட முயலும் ஒவ்வொரு கட்டளையும் பிடிபட வேண்டும்; மற்றவை நேரடியாக ஓட வேண்டும். இன்டெலின் சிப்புகள் இந்தத் தேர்வில் நெடுங்காலம் தோற்றன. அவற்றின் சில கட்டளைகள் அனுமதியில்லாத நிலையில் ஓடும்போது பிழை எழுப்பாமல், ஒன்றும் நடக்காதது போலக் கடந்துபோய்விடும். சத்தம் போடாத கட்டளையை மேலே இருப்பவர் எப்படிப் பிடிப்பது? 1999இல் விஎம்வேர் இதை மென்பொருள் தந்திரத்தால் சமாளித்தது. 2005இல் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சிப்பிலேயே தீர்வைப் பொறித்தன. 2007 பிப்ரவரியில் அவி கிவிட்டி எழுதிய கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. அதன்படி விர்ச்சுவல் மெஷின் என்பது லினக்ஸுக்கு இன்னொரு ப்ராசஸ்தான். அந்தப் ப்ராசஸும் ஒரு சி-குரூப்பில்தான் உட்காரும். வெளியே ஒரு மீட்டர், அதற்குள் ஒரு முழுக் கணினி, அதற்குள் மறுபடி நூறு மீட்டர்கள்.

இந்த அடுக்குக்கு ஒரு விலை உண்டு. அதை எண்ணிப் பார்க்கலாம். நிரல் ஒரு நினைவக முகவரியைக் கேட்டால், அது உண்மையில் எந்த இடம் என்று கண்டுபிடிக்கச் சிபியு நான்கு அடுக்குப் பக்க அட்டவணையைப் புரட்ட வேண்டும். அதாவது 4 முறை நினைவகத்தைத் தொட வேண்டும். விர்ச்சுவல் மெஷினுக்குள் அந்த நான்கு அட்டவணைகளின் முகவரிகளும் கற்பனை முகவரிகளே. ஒவ்வொன்றையும் படிக்குமுன் வெளிக் கணினியின் நான்கு அடுக்கையும் புரட்ட வேண்டும்: 4 புரட்டல், பிறகு படிப்பு 1, ஆக 5. நான்கு அட்டவணைக்கு 20. கடைசியில் கிடைத்த முகவரியையும் மாற்ற இன்னும் 4. மொத்தம் 24. வெறும் கணினியில் 4 இருந்த இடத்தில் 24! அண்மையில் கண்டுபிடித்த முகவரிகளைச் சிபியு தனியே நினைவில் வைத்துக்கொள்வதால் இந்தச் சுமை பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. நினைவகம் பற்றாக்குறையாகி, பல நிரல்கள் மாறி மாறி ஓடும்போது அது தலைகாட்டும்.

இப்போது அந்த 10.5 ஜிபிக்கு வருவோம். உள்ளே முதலில் இருப்பது ஒரு முழு இயங்குதளம். அதன்மேல் எட்சிடி என்ற தரவுக்கிடங்கு. கிளஸ்டரின் மொத்த நினைவும் அதுவே. எல்லா வேண்டுகோள்களும் நுழையும் ஏபிஐ சர்வர் எட்சிடியில் உள்ளவற்றின் நகலைத் தன்னிடமும் வைத்திருக்கும். பிறகு எந்த வேலை எந்தக் கணினிக்கு என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர், உள்நுழைவு, பெயர்த் தேடல், கன்டெய்னர் இமேஜ் கிடங்கு, வலைத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல். அந்த நிரல்களைக் கவனித்துக்கொள்ள ஆப்பரேட்டர் என்ற இன்னொரு வரிசை நிரல்கள். எழுதிக் கொடுத்தது என்ன, நடப்பது என்ன என்று இவை அனைத்தும் இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. காலி கிளஸ்டர் சும்மா இருப்பதில்லை. ஒன்றும் குறையவில்லையே என்று பார்ப்பதே அதன் முழுநேர வேலை. இத்தனைக்கும் கண்காணிப்புப் பகுதி லோக்கல் பதிப்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதையும் போட்டால் 14 ஜிபி கேட்கிறது.

இன்னொரு பங்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு 10.5 ஜிபி என்று எழுதினாலும் வெளிக் கெர்னல் அதை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. உள்ளே ஒரு பக்கத்தைத் தொடும்போதுதான் ஒரு பக்கம் தருகிறது. ஆனால் உள்ளே இருப்பதும் ஒரு லினக்ஸ். காலி நினைவகம் வீண் என்று கருதி, படித்த கோப்புகளையெல்லாம் அதில் சேர்த்து வைப்பது அதன் சுபாவம். ஓரிரு மணி நேரத்தில் எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிடும். உள்ளே பார்த்தால் பாதி காலி. வெளியே பார்த்தால் மொத்தமும் போயிற்று. இரண்டு கெர்னல்களும் தத்தம் கணக்கில் சரிதான். ஒன்றின் நோட்டை மற்றது பார்க்க முடியாது என்பதால் வரும் செலவு இது. உள்ளே விடுவித்த பக்கங்களை வெளியே அறிவிக்கும் வழி 2020இல் கெர்னலுக்குள் வந்திருக்கிறது.

8 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவருக்கு நான் சொல்வேன்: முழு ஓப்பன்ஷிஃப்டை விட்டுவிடுங்கள். அதே மென்பொருளில் 'மைக்ரோஷிஃப்ட்' என்ற தேர்வு இருக்கிறது. 2 கோர், 4 ஜிபி போதும். 2019இல் ராஞ்சர் நிறுவனம் வெளியிட்ட 'கே3எஸ்' இன்னும் சிறியது. எட்சிடிக்குப் பதில் சாதாரண எஸ்க்யூலைட் கோப்பிலேயே கணக்கு எழுதும். பாட் எனப்படும் கன்டெய்னர் தொகுதி எப்படிப் பிறக்கிறது, வரம்பு எப்படிக் கொல்கிறது, ஒரு சேவையின் பெயர் எப்படி முகவரியாகிறது என்பதைக் கற்க இது தாராளம். பணம் செலவழிக்க வாய்ப்பிருந்தால் நினைவகத்துக்கு முன் எஸ்எஸ்டி வாங்குங்கள். எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் "சரி" என்று சொல்லும். நூற்றில் 99 எழுத்துகள் 10 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பழைய லேப்டாப்பின் சுழலும் வட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றினாலும் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி ஆகும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் வரம்பு போயே போச்சு. கிளஸ்டர் காரணமில்லாமல் தள்ளாடுவது போலத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. மூடியை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கணினியின் காலமும் நின்றுவிடுகிறது. திறக்கும்போது வெளியே பல மணி நேரம் ஓடியிருக்கும். கிளஸ்டரின் உறுப்புகள் ஒன்றையொன்று நம்புவது சான்றிதழ்களை வைத்து. ஒவ்வொரு சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஓப்பன்ஷிஃப்ட் லோக்கலின் ஒவ்வொரு வெளியீட்டிலும் அடங்கிய சான்றிதழ்கள் 30 நாளில் காலாவதியாகும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் அவற்றைப் புதுப்பிக்க ஐந்து நிமிடம் வரை கூடுதலாகப் பிடிக்கும். எதுவோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்துகிறவர்கள் வேலையை இன்னும் சிக்கலாக்கிவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் தானே எழுந்துவிடும்.

இப்படி ஆலையின் கிளஸ்டர் விதிகள் அனைத்தும் லேப்டாப்புக்குள் அப்படியே வந்துவிட்டன. வராதது ஒன்றுதான்: ஒரு கணினி இல்லாமல் போவது. ஆலையில் எட்சிடி மூன்று சர்வர்களில் ஓடும். 2014இல் ஸ்டான்ஃபோர்டின் டியகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் வெளியிட்ட 'ராஃப்ட்' முறைப்படி, பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் ஒரு மாற்றம் எழுதப்படும். மூவரில் இருவர் போதும்; ஆக ஒருவர் விழலாம். ஐவர் என்றால் இருவர் விழலாம். நால்வர் வைத்தால் பெரும்பான்மைக்கு மூவர் தேவை. விழக்கூடியது அப்போதும் ஒருவர்தான். லேப்டாப்பில் இருப்பது ஒரே ஆள்; ஒருவரில் பெரும்பான்மை ஒருவர். அவர் சொன்னதுதான் சட்டம், அவர் விழுந்தால் எல்லாம் விழும். கன்டெய்னர்களையே நோட்களாக, அதாவது கிளஸ்டரின் தனித்தனிக் கணினிகளாக, நடிக்கவைத்து லேப்டாப்பில் மூன்று நோட் கிளஸ்டர் எழுப்பும் கருவிகள் இருக்கின்றன. ஒரு நோட்டை வெளியேற்றிப் பழக அவை உதவும். ஆனால் மூன்றுக்கும் கீழே ஒரே கெர்னல், ஒரே வட்டு, ஒரே பேட்டரி.

ஆலையிலோ மூன்று சர்வர்களில் எது எந்த மின்பாதையில் இருக்கிறது என்பதே கேள்வி. இரண்டு சர்வர்கள் ஒரு யூபிஎஸ்ஸிலும் மூன்றாவது இன்னொன்றிலும் இருந்தால், முதல் யூபிஎஸ் போனதும் பெரும்பான்மை போய்விடும். இரண்டாவது போனால் ஒன்றும் ஆகாது. மூன்றுக்கும் மூன்று பாதை வைக்கச் செலவாகும். அந்தச் செலவைச் செய்யலாமா என்று முடிவெடுக்கும்முன், பெரும்பான்மை போனபின் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மிஞ்சிய சர்வரில் எட்சிடி எந்த மாற்றத்தையும் ஏற்காது. புதிய பாட் பிறக்காது. வேறு சர்வரில் செத்தவற்றை இங்கே கொண்டுவர ஆளிருக்காது. அதே சமயம், அந்தச் சர்வரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்கள் நிற்பதில்லை. அவற்றைக் கவனிக்கும் குபெலெட் என்ற நிரல் கடைசியாகக் கிடைத்த உத்தரவின்படி வேலையைத் தொடர்கிறது. உள்ளே ஒன்று செத்தால் அதே இடத்தில் மறுபடி கிளப்பவும் செய்கிறது. மெஷின்களை எண்ணும் நிரல் அந்தச் சர்வரில் இருந்திருந்தால் எண்ணிக்கை தொடரும். மற்ற இரண்டில் இருந்திருந்தால், யூபிஎஸ் திரும்பும்வரை லைனின் கணக்கை ஷிப்ட் சூப்பர்வைசர் நோட்டில்தான் எழுத வேண்டும்.